கல் பிடிக்கும் கை

அசையாமப் புடிங்க என்று தெக்லா சொல்லிவிட்டாள், அசையாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணி இருக்கும், வெயில் இன்னும் பின்வாசலை விட்டுப் போகவில்லை. துவைக்கிற கல்லின்மேல் அவள் உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்கு இடது பக்கம் சற்றுத் திரும்பினாற்போல் பிளாஸ்டிக் முக்காலியில் நான். சாணைக்கல்லின் அடியை என் முழங்காலில் மடித்துப் போட்ட ஈரச் சாக்கில் ஊன்றி, விரல்களைப் பின்பக்கமாகக் கொடுத்து, தலைப்பக்கத்தைத் துளியே துளி சாய்த்து நிறுத்தியிருக்கிறேன். அவள் வலது கையில் கத்தி. மேலிருந்து கீழாக, சீலா மீனைத் துண்டு போடுகிற அதே தோரணையில், நேராக இழுக்கிறாள். ஸ்ஸ் என்று ஒரு சத்தம், அப்புறம் கத்தி மேலே போகிறது, மறுபடி ஸ்ஸ். சந்தையில் மீன் வெட்டுகிற மற்றவர்கள் எல்லாம் கல்லைத் தரையில் கிடத்திக் கத்தியைச் சாய்த்துத் தீட்டுவார்கள். இவள் கத்தியைச் சாய்க்க மாட்டாள். கத்தியைச் சாய்த்தால் ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு சாய்வு வரும், கல்லை ஒருமுறை சாய்த்து நிறுத்திவிட்டால் கத்தி நேராக வந்தால் போதும், நேராக வர எந்தக் கைக்கும் தெரியும் என்பாள். சொல்வது லேசு. இருபத்தெட்டு வருஷமாக அந்தக் கல்லைச் சாய்த்துப் பிடித்தது அவளுடைய இடது கை. ஜூலை மாதம் ஒன்பதாம் தேதி பக்கவாதம் வந்ததிலிருந்து அந்தக் கை அவள் மடியில் கிடக்கிறது. அமுக்கச் சொன்னால் அமுக்கும், பிடிக்கச் சொன்னால் பிடிக்காது. அதனால் இன்றைக்கு அந்தக் கையின் வேலை எனக்கு.

என் வேலையும் ஒருகாலத்தில் இதுதான். நில அளவைத் துறையில் முப்பத்தொரு வருஷம் செயின்மேன். சங்கிலி இழுப்பதைவிடக் கம்பு பிடித்ததுதான் அதிகம். சர்வேயர் எங்கேயோ தூரத்தில் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குழாய் வழியாகப் பார்ப்பார், நான் இந்தப் பக்கம் அளவுக் கம்பை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு உப்பளத்து வெயிலில் நிற்பேன். கம்பு சாய்ந்தால் அளவு தப்பு, அளவு தப்பினால் ஒருத்தன் நிலம் அடுத்தவனுக்குப் போய்விடும். சாயாமல் நிற்பதற்குத்தான் சம்பளம். கல்யாணமான புதிதில் தெக்லா இதைக் கேட்டுவிட்டு, கம்பு புடிக்கிறதுக்கு கவருமெண்டுல ஆளா என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அவள் அம்மா வீட்டில் எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தாள். எனக்குக் கோபம்தான். அப்படிச் சாயாமல் பிடித்துப் பழகிய கை இப்போது சாய்த்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது, அதுவும் எவ்வளவு என்று கேட்டால் சொல்ல மாட்டாள். டிகிரி கணக்கில் சொல்லேன் என்றேன். அதெல்லாம் எனக்குத் தெரியாது, கத்தி கல்லுல ஒக்காரும், ஒக்காந்த எடத்துல விட்டுருங்க என்றாள். கத்தியின் சரிவை, அதாவது வெட்டுவாயை ஒட்டிச் சரிந்திறங்கும் பக்கத்தை, கல்லின்மேல் ஒட்டவைத்து, கண்ணை லேசாக மூடிக்கொண்டு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், ஆங் என்றாள். அந்த ஆங்தான் அளவு. நான் பார்த்த எந்தக் கருவியிலும் அப்படி ஒரு அளவு கிடையாது. அந்த ஆங் சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, உள்ளே எங்கேயோ ஒரு முள் சரியான கோட்டில் வந்து நின்றது மாதிரி. எனக்குச் சர்வேயர்களைத் தெரியும், இருபது பேரிடம் வேலை பார்த்திருக்கிறேன், ஒருத்தருக்கும் அந்த முகம் வந்ததில்லை.

"எங்க போயிட்டிய?" என்கிறாள். கல் சாய்ந்துவிட்டதாம். எனக்குத் தெரியவே இல்லை. பார்த்தால் பழையபடிதான் இருக்கிறது, அவள் கத்தியை வைத்துக் காட்டுகிறாள், ஒரு தலைமுடி நுழைகிற அளவுக்கு இடைவெளி. மனசு கொஞ்சம் நகர்ந்தால் கை நகர்ந்துவிடுகிறது, கை நகர்ந்தால் அவளுக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிடுகிறது. ஆக நான் எதையாவது நினைத்தால் அவளுக்குத் தெரியும். ஆனால் நான் நினைக்கக் கூடாத ஒன்று இருக்கிறது. அதை நினைக்கக் கூடாது. கத்தியைப் பார்க்கிறேன். கத்தி ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு, நடுவில் வயிறு வைத்து நுனியில் மேலே வளைந்து போகும். வளைகிற இடத்துக்கு வரும்போது கல் மணிக்கட்டோடு ஒரு இழை திரும்பிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நுனி மொக்கையாகிவிடும். போன மாதம் நான் பெரிய புத்திசாலி மாதிரி ஒரு மரத்துண்டை ஆப்பு மாதிரி செதுக்கி, கோணமானி வைத்து அளந்து, கல்லை அதில் சாய்த்து வைக்கிற ஏற்பாடு ஒன்று செய்தேன். இனிமேல் கல்லைப் பிடிக்க ஆளே வேண்டாம் என்று கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு தடவை அடுக்களைக் கத்தியை இழுத்துப் பார்த்துவிட்டு, நல்லாத்தான் இருக்கு, ஆனா இது கூட வரமாட்டேங்குதே என்றாள். அவ்வளவுதான். அந்த ஆப்பு இப்போது அடுக்களைக் கதவுக்கு முட்டுக்கொடுக்கிறது. கூட வர வேண்டும் என்பதை அன்றைக்கு நான் புரிந்துகொள்ளவில்லை, இன்றைக்குப் புரிகிறது. சாய்வு மாறாமல் இருக்க வேண்டுமானால் கை மாறிக்கொண்டே இருக்க வேண்டும். கம்பு பிடித்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? காற்றடிக்கிற நாளில் கம்பை மரம் மாதிரி நிறுத்தச் சொல்ல மாட்டார்கள், முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டச் சொல்வார்கள், ஆடும்போது வருகிற ஆகக் குறைந்த அளவைத்தான் எழுதிக்கொள்வார்கள். அசைந்து அசைந்துதான் நேர் கிடைக்கும். அதை ஒரு வேலையாக மட்டும் தெரிந்து வைத்திருந்தேன், இவள் கையில் அது இருந்ததை இருபத்தெட்டு வருஷமாகப் பக்கத்தில் இருந்தும் பார்க்கவில்லை.

ஸ்ஸ். பதினெட்டு. நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன். அவளும் எண்ணுவாள், உதடு அசையாது. இருபத்தைந்து இழுப்பில் பிசிறு வந்துவிடும் என்று அவள் கணக்கு. சரிவைத் தேய்த்துக்கொண்டே போனால் வாய் மெலிந்து, மறுபக்கத்துக்கு ஒரு மெல்லிய பிசிறு புரண்டு நிற்கும், கண்ணுக்குத் தெரியாது, கட்டைவிரலைக் குறுக்கே கொண்டுபோனால் பூனை நாக்கு மாதிரி சொரசொரக்கும். பிசிறு வந்தால் கல் வாய் வரைக்கும் போயிருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் அதை எடுப்பது ஒரு நிமிஷ வேலை. இன்றைக்குப் பிசிறு வந்தால் நாளைக் காலை சந்தைக்குப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு முந்தி சனிக்கிழமை ஒரு நாள் கை பழகிக்கொள்ள வேண்டுமாம். வராவிட்டால் இடத்தை விட்டுவிடுவேன் என்று காலையில் காபி குடிக்கும்போதே சொல்லிவிட்டாள். மீன் வெட்டுகிற வரிசையில் அவளுக்குப் பக்கத்து இடம் மரியபுஷ்பம். நாலு மாதமாக இவளுடைய வாடிக்கைக்காரர்களையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டு, இவளுடைய புளியங்கட்டையைக் கவிழ்த்துப்போட்டுச் சாக்கு போர்த்தி வைத்திருக்கிறாள். புஷ்பத்தின் தம்பி மனைவி அந்த இடத்தைக் கேட்கிறாளாம். இன்றைக்கு ராத்திரிக்குள் அக்கா ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும் என்று புஷ்பம் போனில் அழாத குறையாகச் சொன்னாள். சென்னையில் இருக்கிற எங்கள் மகள் ரெஜினா, விட்டுத்தள்ளச் சொல்லுங்கப்பா, அம்மா வெட்டுனது போதும் என்கிறாள். சொல்லலாம். ஆனால் ரெஜினா அம்மாவின் கையிலிருந்து மீன் விழுகிறதைப் பார்த்திருக்கிறாளே தவிர, அந்தக் கையைப் பார்த்ததில்லை. ஊளி மீனின் தோலை இவள் உரிக்கிறபோது கத்தி எங்கே போகிறது என்று தெரியாது, தோல் தானாகக் கழன்று வருகிற மாதிரி இருக்கும், வாங்க வந்தவர்கள் பையை நீட்ட மறந்து நிற்பார்கள். நானே ஒருநாள் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்துவிட்டு, இவள் என் மனைவி என்று பக்கத்தில் நின்ற ஆளிடம் சொல்லிவிட்டேன். அந்த ஆள் அதுக்கு எனக்கென்ன என்பதுபோல் பார்த்தான்.

இடது கை இல்லாமல் எப்படி வெட்டுவாள் என்று டாக்டரே கேட்டார். மீனைப் பிடிக்க வேண்டாம், கட்டையில் அமுக்கினால் போதும் என்றாள், அமுக்க இந்தக் கைக்குத் தெரியுது. மூன்று வாரமாக அடுக்களையில் சின்னக் கத்தியை வைத்துக்கொண்டு சாளை வெட்டிப் பழகினாள். முதல் நாள் ஒரு மீன் வழுக்கி அடுப்புக்கு அடியில் போய்விட்டது. நான் எடுக்கக் குனிந்தேன். வேண்டாம், நான் எடுக்கேன் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து எடுத்தாள். இப்போது அரைக் கிலோ சாளையை அரை மணி நேரத்தில் சுத்தம் பண்ணிவிடுகிறாள், முன்னே அது அஞ்சு நிமிஷ வேலை, ஆனாலும் பண்ணுகிறாள். அன்றைக்குச் சந்தையில் விழுந்தாளே, அது எப்படி என்று புஷ்பம் சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை, எனக்குள்ளேயே வைத்திருக்கிறேன். பாறை மீன் ஒன்றைப் பாதி வெட்டியிருந்தாளாம். வாய் கோணியதாம். எதிரே ஒரு பெண்பிள்ளை இடுப்பில் குழந்தையோடு குனிந்து நின்றிருக்கிறாள். இவள் கத்தியைக் கட்டையின்மேல் வைத்து, வாய்ப்பக்கத்தைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, அப்புறம்தான் சாய்ந்தாளாம். பாதி உடம்பு போய்க்கொண்டிருக்கிற நேரத்தில் கத்தியைத் திருப்பி வைத்தவளை என்னவென்று சொல்வது. ஆஸ்பத்திரி வராந்தாவில் புஷ்பம் இதைச் சொன்னபோது நான் அழுதேன், பயத்தில் அழுகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பயமும் இருந்தது. ஆனால் அது இப்படிப்பட்டவளோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறேனே என்கிற அழுகை.

"கல்லு." அவ்வளவுதான் சொன்னாள். திருத்திப் பிடித்தேன். "மன்னிச்சுக்கிடுங்க, ஒங்களுக்குச் செரமம்" என்கிறாள். இதுதான் எனக்குத் தாங்க முடியாதது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து இவள் மரியாதை பேசுகிறாள். தண்ணி கொடுத்தால் நன்றி மாதிரி ஒரு சிரிப்பு. சேலை மடிப்பு எடுத்துவிட்டால், செரமம். குழம்பில் நான் புளியை அள்ளிக் கொட்டியிருக்கிறேன், நல்லாயிருக்கு என்று சாப்பிட்டாள். பழைய தெக்லாவாக இருந்தால் தட்டை நகர்த்திவிட்டு, இத நீங்களே சாப்புடுங்க என்றிருப்பாள். எனக்குப் பழைய தெக்லா வேண்டும். அவள் திட்டாமல் இருக்கிற வீடு எனக்கு வேற்று வீடாக இருக்கிறது. திட்டுவதற்கு ஒரு உரிமை வேண்டியிருக்கிறது போல, அந்த உரிமை கையோடு போய்விட்டதாக இவள் நினைக்கிறாள். அதனால்தான் நாளைக்கு இவள் சந்தைக்குப் போக வேண்டும் என்று எனக்கு இவ்வளவு ஆசை. அவளுக்காக மட்டும் இல்லை. எனக்காகவும்தான்.

முப்பத்தி ஒன்று. நிறுத்திவிட்டுக் கட்டைவிரலைக் குறுக்கே ஓட்டிப் பார்க்கிறாள். மறுபடி இழுக்கிறாள். ஸ்ஸ். சத்தம் சரியாகத்தான் இருக்கிறது, அடிமுதல் நுனிவரை ஒரே சத்தம், நடுவில் ஏறி இறங்கவில்லை. முப்பத்தைந்து. நாற்பது. மறுபடி விரல். அவள் நெற்றி சுருங்குகிறது. பிசிறு வரவில்லை. ஏன் வரவில்லை என்று இந்த வீட்டில் ஒரு ஆளுக்குத் தெரியும். அந்த ஆள் கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நினைக்கக் கூடாது என்று எவ்வளவு நேரம்தான் தள்ளுவது, வந்துவிட்டது. செப்டம்பர் மாதம் ஒரு மத்தியானம், அவள் பிசியோதெரபிக்குப் போயிருந்தாள், புஷ்பம் துணைக்குப் போயிருந்தாள். நான் கத்தியை எடுத்துத் துணியைப் பிரித்தேன். உப்புக் காற்று, துரு புள்ளி புள்ளியாகப் பூத்திருந்தது. அவள் திரும்பி வந்து கேட்கும்போது பளபளவென்று கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். கல்லைத் தரையில் போட்டேன், சொரசொரப்புப் பக்கம் மேலே. இந்தப் பக்கம் நூறு தடவை, அந்தப் பக்கம் நூறு தடவை. ஒரு பக்கத்துக்குச் செய்ததை மறுபக்கத்துக்கும் செய்ய வேண்டும், அதுதானே நியாயம், அளவு எடுத்துப் பழகினவன் புத்தி அப்படித்தான் போகும். முடித்துவிட்டு வெயிலில் காட்டிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மின்னியது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அடுத்த வாரம் சந்தையில் புஷ்பம் தன் கத்தியைத் தீட்டிக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னாள், நாங்கல்லாம் ரெண்டு பக்கமும் தீட்டுதோம், தெக்லாக்கா கத்தி மட்டும் ஒரு பக்கந்தான், அந்தப் பக்கம் பலகை மாதிரி தட்டையா இருக்கும், அதுல கல்லே படாது, அதான் தோலை அப்படி உரிக்குது. என் கையிலிருந்த பை கனத்துப்போனது. வீட்டுக்கு வந்து கத்தியை எடுத்துப் பார்த்தேன். தட்டையான முகத்தில் வாயை ஒட்டி நான் ஒரு புதுச் சரிவை உண்டாக்கி வைத்திருந்தேன், நெல் அகலத்துக்கு. எதை எப்படிச் சரி பண்ணுவது என்று தெரியவில்லை, தொட்டால் இன்னும் கெடும். துணியைச் சுற்றி வைத்துவிட்டேன். சொல்ல நினைத்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று போனது. அவள் கையே போய்க் கிடக்கிறாள், கத்தியும் போச்சு என்று எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது சமாதானம் இல்லை, பயம். திட்டுவாள் என்ற பயம்கூட இல்லை, திட்ட மாட்டாள் என்ற பயம். பரவாயில்லங்க என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்.

ஐம்பத்தி எட்டு. விரல். இல்லை. கத்தியை மடியில் வைத்துவிட்டாள். வலது கையைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்கிறாள், விரல்களை விரிக்கிறாள், மடக்குகிறாள், மறுபடி விரிக்கிறாள். மடியில் கிடக்கிற இடது கையை நாலு மாதமாக அவள் பார்த்த அதே பார்வை, இப்போது வலது கைமேல் விழுகிறது. டாக்டர் வலது பக்கத்துக்கு ஒன்றும் இல்லை என்று மூன்று தடவை சொன்னார். அதை நம்பித்தான் இவள் எழுந்து உட்கார்ந்தாள், நடந்தாள், சாளை வெட்டினாள். "இதும் போச்சு போல" என்கிறாள். மெதுவாக, யாரோடோ பேசுகிற மாதிரி. "கண்ணுக்கு இழுக்கிற மாதிரிதான் தெரியுது. ஆனா வாய்க்குப் போகல. கை எங்கயோ மாறிப்போச்சுங்க." அப்புறம் புடவைத் தலைப்பால் கத்தியைத் துடைத்துக்கொண்டே, புஷ்பத்துக்குச் சொல்லிவிடலாம் என்கிறாள், தம்பி பொண்டாட்டி நல்ல பிள்ளை, கட்டையையும் அவளே வெச்சுக்கிடட்டும். அழவில்லை. அழுதால்கூட நான் தாங்கிக்கொள்வேன். சேலையைத் துவைத்து மடித்து வைக்கிற மாதிரி தன் இருபத்தெட்டு வருஷத்தை மடித்து வைக்கிறாள், நான் கல்லைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறேன். மூளை வேகமாக ஓடுகிறது, இந்த நேரத்திலும் அளவு கணக்கில்தான் ஓடுகிறது. பிசிறு ஏன் வரவில்லை? நான் இரண்டு பக்கமும் கத்தியைத் தூக்கிப் பிடித்துத் தேய்த்ததில் வாய் இடம் மாறிவிட்டது. அவள் சரிவின் பழைய இடத்தையே தேய்க்கிறாள், அது வாய்க்கு ஒரு இழை முன்னாலேயே முடிந்துவிடுகிறது. கை துளி தப்பியிருந்தால்கூட எங்கேயாவது ஒரு இழுப்பு வாயில் பட்டிருக்கும். ஐம்பத்தி எட்டு இழுப்பில் ஒன்றுகூடப் படவில்லை. அப்படியென்றால் ஐம்பத்தி எட்டும் ஜூலை எட்டாம் தேதி தேய்த்த அதே கோட்டில் போயிருக்கிறது. நாலு மாதம் இந்தக் கத்தியைத் தொடாமல் இருந்துவிட்டு வந்து, அடுத்தவன் கையில் கல்லைக் கொடுத்து, அந்த ஆங் ஒன்றை வைத்துக்கொண்டு, அதே கோடு. பிசிறு வராததுதான் அந்தக் கை அப்படியே இருக்கிறது என்பதற்குச் சாட்சி. உலகத்தில் இது எனக்கு மட்டும்தான் தெரியும், நான் வாயைத் திறக்காமல் இருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை.

"கல்லு சாயுது" என்கிறாள், கத்தி இல்லாமலே. கல்லைப் பார்த்தேன், கிட்டத்தட்டப் படுத்துவிட்டது. "எங்க போயிட்டிய?"

"கை மாறல தெக்லா. கத்தி மாறிருச்சு" என்றேன். "செப்டம்பர்ல நீ பிசியோதெரபிக்குப் போயிருந்தப்ப நான் தீட்டுனேன். ரெண்டு பக்கமும்."

அவள் கத்தியைத் திருப்பி, தட்டையான முகத்தை வெயிலுக்குக் காட்டிச் சாய்த்தாள். வாயை ஒட்டி நான் போட்ட சரிவு மினுக் என்று ஒரு கோடாக மின்னியது. அதைப் பார்த்தாள், வெகுநேரம் பார்த்தாள். பக்கத்து வீட்டு மோட்டார் நின்றது எனக்குக் கேட்டது. பரவாயில்லங்க என்று சொல்லிவிடாதே, சொல்லிவிடாதே என்று வேண்டிக்கொண்டிருந்தேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஒரு பக்கம் லேசாக இறங்கிய அந்த வாய் துடித்தது.

"ஒங்களுக்குக் கண்ணு எங்க இருந்துச்சு?" என்றாள். "இருவத்தெட்டு வருசமாப் பாக்கியளே, ஒரு நாளாவது அந்தப் பக்கம் நான் கல்லை வெச்சுப் பாத்திருக்கியளா? துருப்பிடிச்சா எண்ணெயப் போட்டுத் தொடைக்க வேண்டியதுதான, ஒங்கள யாரு தீட்டச் சொன்னா? சரி தீட்டித் தொலைச்சிய, ரெண்டு மாசமா வாயில என்ன வெச்சிருந்திய? நான் கை போச்சுன்னு உக்காந்திருக்கேன், பக்கத்துல கல்லப் புடிச்சிக்கிட்டுப் பாத்துக்கிட்டு இருந்திருக்கிய. இன்னும் பத்து நிமிசம் விட்டுருந்தா எடத்த விட்டுருப்பேன் தெரியுமா?" குரல் ஏறிக்கொண்டே போனது. பக்கத்து வீட்டில் யாரோ ஜன்னலைத் திறந்தார்கள். புளிக்குழம்பு வந்தது, கதவுக்கு முட்டுக்கொடுக்கிற ஆப்பு வந்தது, ரெஜினா பிறந்தபோது ஆஸ்பத்திரிக்குத் தப்பான பையைத் தூக்கிக்கொண்டு போனதும் வந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். திட்டு என்மேல் மழை மாதிரி விழுந்தது, நான் நனைந்துகொண்டு இருந்தேன், என் கண்ணிலிருந்து தண்ணி வந்ததை அவள் எப்படி எடுத்துக்கொண்டாளோ தெரியாது. சிரிக்கிறியளா அழுறியளா, அதையாவது ஒழுங்காச் செய்யுங்க என்றாள்.

அப்புறம் கத்தியை நுனி தன் பக்கம் இருக்கும்படி திருப்பிப் பிடித்தாள். தட்டை முகத்தைப் பழையபடி பலகையாக்க வேண்டும், நான் போட்ட சரிவு தேய்ந்து மறையும் வரைக்கும். அதற்குக் கல் சாய்ந்தே இருக்கக் கூடாதாம். "நேரா நிறுத்துங்க. இந்தத் தடவ துளி சாஞ்சாலும் ஆகாது. இதாவது ஒங்களுக்குத் தெரியும்லா." தெரியும். இது ஒன்றுதான் எனக்குத் தெரியும். முழங்கையை இடுப்பில் ஒட்டி, தோளைத் தளர்த்தி, பார்வையை எதிர்ச் சுவரின் மூலையில் வைத்தேன், முன்னே கம்பு பிடிக்கிறபோது தூரத்து மின்கம்பத்தின்மேல் வைப்பேனே அப்படி. கல் நின்றது. பின்னாலிருந்து அமுக்கம் கொடுக்க வேண்டும், ஒரு கை போதாது என்றாள். மடியில் கிடந்த இடது கையை வலது கையால் எடுத்து, கல்லின் பின்னால் இருந்த என் கையின்மேல் வைத்தாள். கனமா இருக்கும், தாங்கிக்கிடுங்க என்றாள். கனமாகத்தான் இருந்தது. சூடாகவும் இருந்தது. அமுக்கினாள், அமுக்க அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. ஸ்ஸ். தட்டை முகம் முழுசும் கல்லில் படிகிறபோது வேறு சத்தம், ஆழமான சத்தம், அது என் எலும்பு வழியாகத் தோள் வரைக்கும் வந்தது. நூறு. நான் எதையும் நினைக்கவில்லை. நினைக்க ஒன்றும் மிச்சம் இல்லை. நூற்றி ஐம்பது. வெயில் கிணற்று மேடையை விட்டு ஏறிவிட்டது. ஒரு தடவைகூட அவள் எங்க போயிட்டிய என்று கேட்கவில்லை. இருநூற்றிப் பத்தில் கத்தியை வெளிச்சத்துக்குக் காட்டினாள், அந்தக் கோடு இல்லை. கத்தியைத் திருப்பினாள். நான் கல்லைச் சாய்த்தேன், கத்தி உட்கார்ந்தது, ஆங் என்றாள்.

பன்னிரண்டாவது இழுப்பில் நிறுத்தினாள். கட்டைவிரலைக் குறுக்கே கொண்டுபோனாள். மறுபடி ஒருமுறை, அடியிலிருந்து நுனிவரைக்கும், மெதுவாக. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கத்தியை மடியில் வைத்தாள்.

"புஷ்பத்துக்குப் போன் போடுங்க" என்றாள்.

வலது கையால் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தேன், பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க இரண்டு தடவை தப்பாக அமுக்கினேன். மணி அடித்தது. புஷ்பம் எடுத்து, அண்ணே, அக்கா என்ன சொல்லுது என்றாள். நான் தெக்லாவைப் பார்த்தேன். அவள் கட்டைவிரலை இன்னும் ஆள்காட்டி விரலோடு சேர்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என் கட்டையை நிமித்திக் கழுவிப் போடச் சொல்லுங்க" என்றாள். "காலையில கல்லு புடிக்க ஒரு ஆளும் கூட வாராருன்னு சொல்லுங்க. கவருமெண்டுல இருந்த ஆளு."

சொன்னேன். என் இடது கை அவள் கைக்கு அடியில் கல்லைப் பிடித்தபடியே இருந்தது. கல் அசையவில்லை.